கதவு இல்லாத கழிவறை

மச்சான் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று எனக்கு நிச்சயமில்லை. கேட்டாரா என்பதிலேயே சில நாள் சந்தேகம் வருகிறது. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாத மாதிரி பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் ஒரு நாலு மாடி ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தோம். முழுக் கட்டடத்தையும் குழாய் முதல் கதவுக் கொண்டி வரை முதலில் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டிவிட்டு, அப்புறம்தான் மண்ணில் கட்டுவது. வடிவமைப்பாளர், குழாய்க்காரர், மின்சாரக்காரர் என்று எல்லாருடைய கோப்புகளும் ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு வரும். அதன் வாசலில் காவல் நான். ஒவ்வொரு கோப்பிலும் 'இது எதற்குத் தகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. சும்மா பார்க்கவா, கலந்து பேசவா, கட்டவா என்று அதில் நிரப்ப வேண்டும். நிரப்பாததைத் திருப்பி அனுப்பிவிடுவேன், கடவுளே அனுப்பினாலும் சரி. அதனால் சைட்டில் எனக்குப் பெயர் 'கட்டம்'. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பெயரை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவளுடைய அண்ணன். அவர்தான் மச்சான், சைட்டின் கொத்து மேஸ்திரி.

இரண்டாம் மாடியில் ஒரு கழிவறை. அதன் கதவை நடைபாதைப் பக்கத்திலிருந்து வார்டுப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்கள். வடிவமைப்பாளர் அதை இரண்டு தவணையாகச் செய்தார். முதல் திருத்தத்தில் பழைய கதவை எடுத்தார், அடுத்ததில் புதுக் கதவை வைத்தார். முதலாவது ஒழுங்காக வந்தது. 'கட்டலாம்' என்று வெளியிட்டேன். இரண்டாவதில் அந்தக் கட்டம் காலி. புதன் மாலை நாலு பத்துக்குத் திருப்பி அனுப்பினேன். இதை நினைவிலிருந்து சொல்லவில்லை, பதிவில் இருக்கிறது. அதற்குள் அவர் ஒரு வாரம் லீவில் போய்விட்டார்.

ஆக அந்த வாரம் முழுக்க, அதிகாரபூர்வ நிலவரப்படி, அது கதவே இல்லாத கழிவறை.

படிக்கட்டில் நடந்ததாக நான் நினைப்பது இது.

"மாப்ளே, ரெண்டாம் மாடி கக்கூஸுக்குக் கதவக் காணோமே?"

"வெளியானதுல என்ன இருக்கோ அதக் கட்டுங்க மச்சான்."

"அவசரத்துக்குப் போறவன் எப்படிப் போவான்?"

"அத வரைஞ்சவர் பாத்துக்குவார்."

"அதுசரி. கம்ப்யூட்டருக்கு வயிறு கலக்கினாத்தான தெரியும்."

மச்சான் வீம்புக்காரர். மூன்று பக்கமும் ஏற்கெனவே சுவர் நின்றது. நாலாவதான வார்டுப் பக்கத்தையும் நூல் பிடித்த மாதிரி எழுப்பத் தொடங்கினார். இடுப்புயரம் வந்தபோது, உள்ளே வேலையாக இருந்த பிளம்பர் சுவரைத் தாண்டிக் குதித்து டீ குடிக்கப் போனார். அவருடைய போன் உள்ளே ஃப்ளஷ் தொட்டி மேலேயே இருந்தது. டீக்கடையிலிருந்து அவரை வேறு மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் கூரை வரை சுவர்.

மறுநாள் காலை பிளம்பரின் மனைவி போன் செய்தபோது சுவர் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. அதுதான் அவருடைய ரிங்டோன். பத்து மணிக்குள் அந்த நம்பர் சைட் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு ஒரு தடவை அடித்துச் சுவரைக் கத்தவிட்டார்கள். அந்த வழியாக வந்த மேனேஜர் நின்று, கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

மச்சான், பிளம்பர், நான் மூன்று பேரையும் தகர ஷெட் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏன் மேஸ்திரி, கதவில்லாத கக்கூஸ் கட்ட உங்களுக்குக் கை எப்படி வந்துச்சு?"

"படத்துல இல்லீங்க."

"சந்தேகம் வந்தா கேள்விப் படிவம் போடணும்னு விதி இருக்கில்ல? போட்டீங்களா?"

"வாயால கேட்டேங்க. வீட்டு மாப்பிள்ளகிட்ட யாராச்சும் படிவம் போட்டுக் கேப்பாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசவில்லை. பொதுவாக என் மௌனத்தை ஆழம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. அன்றைக்கு அது வெறும் பயம் என்று பிளம்பருக்குக்கூடத் தெரிந்தது.

"அஞ்சு மணிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அறிக்கை வேணும்," என்றார் மேனேஜர். "இல்லன்னா மேஸ்திரி நாளைக்கு வர வேணாம்."

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் இருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டார். "நல்லா யோசிச்சு எழுதுங்க மாப்ளே. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுலதான சாப்பாடு."

இரண்டு பக்கம் எழுதினேன். 'தகவல் ஓட்டத்தில் ஏற்பட்ட இடைவெளி', 'திருத்தங்களுக்கு இடையிலான ஒத்திசைவின்மை' என்று அழகாகப் போனது. அதில் மனிதர்களே இல்லை. படிக்கட்டும் இல்லை. நாலு நாற்பதுக்குக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தது. 'ஒரு கட்டம் காலி. ஏற்க இயலாது.'

அந்த விதியை எழுதி உள்ளே வைத்தவன் நான்தான். காலியாக இருந்த கட்டம், 'பொறுப்பானவர்'.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது எனக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா? மங்கலாகத்தான். ஆனால் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அது போதும் என்று தோன்றியது. கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டு, 'மேஸ்திரி கேட்டார். கட்டச் சொன்னது நான்' என்று எழுதினேன். நாலு ஐம்பத்திரண்டு. களஞ்சியம் முனகாமல் ஏற்றுக்கொண்டது.

மச்சானுக்கு வேலை போகவில்லை. சனிக்கிழமை காலை வார்டுப் பக்கத்துச் சுவரை அவரே உடைத்து வாசல் எடுத்தார். பிளம்பருக்கு நூற்றுப் பன்னிரண்டு தவறிய அழைப்புகளோடு போன் கிடைத்தது. ஆட்டுக்குட்டியை அவர் மாற்றவில்லை. வடிவமைப்பாளர் இப்போது எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறார், தேவையில்லாததையும். என்னை வாசலிலிருந்து எடுத்து, முடிந்துபோன கட்டடங்களின் கோப்புகளைப் பாதுகாக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. மனைவி இன்னும் 'கட்டம்' என்றுதான் கூப்பிடுகிறாள், கோபம் இல்லாதபோதும். ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. உடைத்த அவசரத்தில் அந்தக் கதவு ஒரு சாண் தள்ளி வந்துவிட்டது. மாடலில் அதையும் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டோம்.