ஒரு சுற்று

மயில்வாகனம் ஓட்டிவந்த விமானம் முதலில் நாகேஸ்வரி காயப்போட்டிருந்த நெல்லுக்குள் புகுந்தது. அதோடு திருப்திப்படாமல் பக்கத்து வாய்க்காலிலும் இறங்கி, மூக்கைச் சேற்றில் புதைத்து, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்க வந்த விமானம், தவளைகளிடம் சுகம் விசாரிக்கப் போனதுபோல இருந்தது.

அவன் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தான். ஓடுபாதை ஓரத்தில் நாகேஸ்வரி பதறி விழுந்து மணிக்கட்டு முறிந்து கிடந்தாள்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் காட்டுக்குள் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை அது. வவுனியாவுக்கு வடக்கே குடியேறிய கமக்காரருக்கு நெல் காயவைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. வரும் விமானம் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள் சனம் நெல் பரப்பிய சாக்குப் படங்குகளை ஓரத்துக்கு இழுத்துவிட்டு விலகிவிடும். சுற்றிப் பார்க்காமல் இறங்கக் கூடாது என்பது விமானக்காரரின் சட்டமும்கூட.

மயில்வாகனத்துக்கு அந்தச் சட்டத்தில் மரியாதை குறைவு. "அது கண் தெரியாதவைக்கு எழுதினது" என்பான். அதுவரை சுற்றித்தான் இறங்கினான். அன்று மத்தியானம் பசி, கையில் நம்பிக்கை, நேரே இறங்கினான். வெயில் கண்ணில் அடித்தது. கடைசி நொடியில் ஓர் உருவம் தெரிய, வெட்டித் திருப்பினான்.

ஊர் கண்டது அந்தத் திருப்பத்தை மட்டும்தான்.

"வேறை ஆளெண்டா இவள் இண்டைக்குச் சட்னி" என்றார் நாகேஸ்வரியின் புருஷன் அப்புத்துரை. "கையெண்டா கை, தம்பியின்ரை கை!" இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைக் குடித்தது மயில்வாகனம் அன்று செய்த இரண்டாவது பிழை.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து மேலதிகாரி சிற்றம்பலம் விசாரிக்க வந்தார்.

"இறங்க முதல் சுத்தினீரோ?"

மயில்வாகனம் வாய் திறக்குமுன் அப்புத்துரை முந்திக்கொண்டார். "ஓம் ஐயா, வடிவாச் சுத்தினவர். நாங்கள்தான் கவனிக்கேல்லை."

"அப்ப பிழை உங்களிலை. இனி இதிலை ஒருத்தரும் நெல் காயப்போடேலாது."

அப்புத்துரையின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் மயில்வாகனம் ஓரடி முன்னுக்கு வந்தான்.

"நான் சுத்தேல்லை, சேர்" என்றான்.

சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ம்... எண்டாலும் கடைசியிலை திருப்பின திருப்பம் லேசுப்பட்டதில்லை" என்றார்.

அவர் அடித்திருந்தால்கூட மயில்வாகனத்துக்கு இவ்வளவு நொந்திராது.

நெல் காயப்போடக் கூடாது என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. ஜீப் போனதும் மயில்வாகனம் அப்புத்துரையிடம் கேட்டான்: "அண்ணை, நான் சுத்தியிருந்தா அக்கா விலத்தியிருப்பாவோ?"

"விடும் தம்பி. நாள் சரியில்லை."

"அதில்லை அண்ணை..."

"கையை முறிச்ச கடவுள் உயிரை விட்டுவைச்சிருக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

நாகேஸ்வரி வேப்பமரத்தடியில், மாக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மற்றக் கையால் கோழியைத் துரத்தினாள். அவன் போய் முன்னால் நின்றான். முந்தின நாள் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை கேட்காதது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, விமானம் வந்த சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"அவவுக்குக் காது கொஞ்சம்..." என்று பின்னாலிருந்து தொடங்கினார் அப்புத்துரை.

"என்ரை காதுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ." அவள் மயில்வாகனத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"கேட்டது தம்பி. ஓரத்திலைதான் நிண்டனான். நீங்கள் சுத்துவீங்கள், நேரமிருக்கு எண்டு நினைச்சுத்தான் கடைசிப் படங்கை இழுக்க நடுவுக்குப் போனனான்."