படகுத்துறைப் பாட்டு

“இது அதில்லை.”

அக்கா கிருஷிகா அனுப்பிய குரல்பதிவில் அவ்வளவுதான் இருந்தது. மன்னார் நகரத்தில் கைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த றொகான், கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இரண்டு வருடங்களின் பின் அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

யுத்தம் முடிந்தபின் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து அம்மா அன்ரோனெற்றை அவன்தான் சொந்த ஊரான விடத்தல்தீவுக்குக் கூட்டிவந்தான். முகாமிலேயே கலியாணம் கட்டிய அக்கா பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டாள். “அம்மாக்கு நெஞ்சு வருத்தம், கொண்டுபோகாதை” என்று அவள் மறித்தாள். அம்மாவோ போவமென்று ஒற்றைக்காலில் நின்றாள். வந்த அடுத்த மாரியில் அம்மா செத்துப்போனாள். கடவுச்சீட்டில்லாத கிருஷிகாவால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அதற்குப் பிறகு அவனுடைய எந்த அழைப்புக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

பேச வேறு வழி தெரியாமல்தான் அவன் அந்தப் பாட்டை அனுப்பினான். முகாமுக்கு வெளியே இருந்த பிரவுசிங் சென்டரில், ஒரே கதிரையில் பாதிப் பாதியாக இருந்து இருவரும் விளையாடிய இணைய விளையாட்டின் பாட்டு. அதில் வாள் இருந்தது, பூதங்கள் இருந்தன. அவர்கள் அவற்றோடு மினக்கெடவில்லை. நேரே படகுத்துறைக்குப் போவார்கள். மூடுபனி விழுந்த ஏரிக்கரை, மரப்பாலம், கட்டியிருக்கும் ஒரு தோணி. அங்கே கால் வைத்ததும் அந்த இசை மெல்லத் தொடங்கும். அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவாள். திரைக்குள் அவர்களுடைய சின்ன உருவம் பாலத்தின் நுனியில் அசையாமல் நிற்கும். அந்தத் தோணி எங்கே போகுமென்று இருவரும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. முள்ளுக்கம்பியும் பெயர் கூப்பிடுதலும் இல்லாத ஒரு கரைக்கு வந்துவிட்டது போலிருக்கும்.

பிறகு அந்த விளையாட்டை நடத்தியவர்கள் பழைய இசையை எடுத்துவிட்டு, பெரிய வாத்தியக் குழுவை வைத்துப் புதிதாகப் போட்டார்கள். பிடிக்காத பழைய ஆட்டக்காரர்கள் பல நாடுகளிலிருந்தும் சேர்ந்து, முதலிலிருந்த ‘மிடி’ என்ற கணினி இசையைத் திரும்பக் கொண்டுவர முனைந்தபோது றொகானும் அவர்களோடு சேர்ந்தான். படகுத்துறைப் பாட்டை மீட்கும் வேலையை அவனே கேட்டு வாங்கினான். போலந்தில் யாரோ ஒருவர் வைத்திருந்த பழைய இறுவட்டிலிருந்து கோப்புக் கிடைத்தது. சேதமில்லை, ஒரு சுரமும் பிசகவில்லை. அதைத்தான் அக்கா அதில்லை என்கிறாள்.

கடைக்கு வெளியே வந்து அழைத்தான். எடுத்தாள்.

“சுரமெல்லாம் அதேதானக்கா. நான் பாத்தனான்.”

“அப்ப ஏன் எனக்கு அங்க போகேலாமக் கிடக்கு?”

அவள் தானே தொடர்ந்தாள்.

“அது மூச்சு வாங்கி வாங்கியெல்லோ வரும். இது பளிச்செண்டு கிடக்கு” என்றாள். வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது யன்னலோரம் தலைசாய்த்து யோசித்தான். மிடி கோப்புக்குள் சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற கட்டளைகள் மட்டும்தான். குரல் கொடுப்பது கணினி. அவனுடைய மடிக்கணினி புதிது. அதன் புல்லாங்குழலுக்கு வருத்தம் துன்பமில்லை. அந்த பிரவுசிங் சென்டரின் பழைய பெட்டிக்குள் இருந்த மலிவான ஒலி அட்டை, அதே கட்டளையை இளைத்து இளைத்துப் பாடியிருக்கிறது. அவனுக்கு மறந்துபோன அந்த இளைப்பு அக்காவுக்கு மறக்கவில்லை.

பழைய அட்டைகளின் ஒலித் தொகுப்புகளைத் தேடி எடுத்து, வேலை முடிந்த பின்னேரங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றில் குழல் தகரம் போல் அடித்தது. ஒன்றில் மணியோசை கோயில் மணி மாதிரி ஓங்கிக் கேட்டது. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இன்னொன்றைப் போட்டபோது, குழல் தொடங்கமுதல் ஒரு சின்னக் கரகரப்பு எழுந்தது. அறை முழுக்க மூடுபனி இறங்கியது போலிருந்தது. அவன் இருந்தபடியே இருந்தான். பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கியது. பிறகுதான் அதை அனுப்ப நினைவு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்காவே அழைத்தாள். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்று முடிந்ததும் கேட்டாள்.

“அம்மா எங்களைத் தேடிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு வருவா, நினைவிருக்கே?”

“ஓம். ஏசுறதுக்கு.”

“ஏசமாட்டாடா. வாசலில நிப்பா. பாட்டு முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பா. நீ திரும்பிப் பாக்கிறேல்ல. நான் கண்டனான்.”

அவள் பாட்டை நிறுத்தினாள்.

“அம்மாவை வச்ச இடத்தில என்ன சத்தம் கேக்கும்?”

“தெரியேல்லை அக்கா. கவனிச்சதில்லை.”

“போய்க் காட்டு. படம் வேண்டாம். சத்தம் மட்டும்.”

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் சேமக்காலைக்கு நடந்தான். கல்லறைகளுக்கு அப்பால் கடல் வற்றி, சேறு தெரியக் கிடந்தது. அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் குந்தி, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் ஏந்திப் பிடித்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கண்டல் பற்றைக்குள் காற்று நுழைந்தது. தூரத்தில் யாரோ தோணியைச் சேற்றில் இழுத்தார்கள். கழுதையொன்று வந்து சிலுவையில் முதுகை உரசியது. அவன் அதைத் துரத்தவில்லை. மறுமுனையில் அக்கா மூச்சுவிடுவது கேட்டது. சேற்றில் விழுந்திருந்த சின்னச் சின்னக் குழிகளில், ஒவ்வொன்றாக, கடல்தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.