திரும்பி வந்த கோட்டுகள்

ஜனவரி ஒன்பதாம் தேதி, காலையில் கைதிகளை எண்ணும்போது, பெலாரூஸின் ஸாரெச்சா பெண்கள் சிறை வாசலுக்கு நாற்பத்தொரு ராணுவக் கோட்டுகள் ஆளில்லாமல் நடந்து வந்து சேர்ந்தன. காவலர்கள் அவற்றையும் எண்ணி உள்ளே விட்டார்கள். மறுநாள் அறுபது வந்தன.

பக்கத்து நாட்டுப் பட்டாளத்துக்கு மூன்று குளிர்காலமாக அந்தச் சிறைப் பெண்கள்தான் கோட்டு தைத்தார்கள். எவனுடைய போருக்கோ எவள் விரலிலோ ஊசி ஏறியது. திரும்பி வந்தவற்றை அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள், தையலில் குறையில்லை. தப்பு, மூட்டை கட்டும் கைதி வாந்தாவுடையது. அந்த ஊரில் யார் பயணம் கிளம்பினாலும் வீட்டார் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுவார்கள். அப்படிச் செய்தால் போனவர் பத்திரமாக வீடு திரும்புவார். வீட்டில் காய்ச்சிய சாராயத்தை விற்று வாந்தா உள்ளே வந்த பிறகு, அவள் மகன் லாவ்ரன் எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் கிளம்பியபோது உட்கார ஆளில்லை. அந்தக் குறை தீர, அனுப்பிய ஒவ்வொரு மூட்டையின் மேலும் அவள் உட்கார்ந்து எழுந்தாள். பிறவியிலேயே குட்டையான அவன் இடது கைக்காக ஒரு கோட்டின் கையை இரண்டு விரற்கடை குறைத்தும் தைத்தாள். ஆயிரத்தில் ஒன்றான அது அவனுக்கே போய்ச் சேர்ந்தது. கை சரியாக இருக்கிறது அம்மா என்று கடிதம் வந்தது.

வந்த கோட்டுகளின் அக்குளில் பெண்கள் கைவிட்டுப் பார்த்தார்கள். சூடாக இருந்தால் போட்டிருந்தவன் இருக்கிறான், சில்லிட்டிருந்தால் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, தொட்டதும் தெரிந்தது. பெரும்பாலும் சில்லிட்டே இருந்தன. வாந்தா தினமும் வாசலைப் பார்த்தாள், அந்தக் குட்டைக் கைக் கோட்டு வந்துவிடக் கூடாதே என்று.

பதினாறாம் நாள் அது வந்தது. குட்டைக் கையை ஆட்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்து நின்றது.

"எவ்வளவு நேரம்க்கா அதையே பாத்துக்கிட்டிருப்ப? அக்குள்ல கைய விடு," என்றாள் பக்கத்தில் தைக்கும் ஸோஸ்யா.

"பயமா இருக்குடி."

விட்டாள். சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி. வாந்தா அழுதாள், சிரித்தாள், கோட்டைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது.

"அப்ப இப்ப அவன் எதைப் போட்டுக்கிட்டு நிக்கிறான்?"

வாந்தா அவசர அவசரமாக அதை மடித்து மூட்டையில் வைத்துக் கட்டினாள். லாரி வந்ததும் ஸோஸ்யா பழக்கத்தில் தானும் உட்கார முக்காலியை நகர்த்திப் போட்டாள். வாந்தா அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காராதடி. இது திரும்பி வரக் கூடாது."

அது திரும்பவில்லை. பிறகு எந்தக் கோட்டும் வரவில்லை. வாந்தாவின் நன்னடத்தைக்கு அதிகாரிகள் பாராட்டுச் சீட்டு கொடுத்தார்கள். விடுதலையாகும்வரை அவள் கஞ்சியைக்கூட நின்றுகொண்டேதான் குடித்தாள்.