கிரிசாந்தா வீட்டுக்குப் போன தண்டவாளம்

தலாபோக் ஊரின் தண்டவாளம் தினம் ஒரு முழம் கிரிசாந்தாவின் வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. 1912இல் கரும்பு ஏற்றத் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர் வரை போட்ட பாதை அது. அதில் ரயில் மூன்று வருஷம்கூட ஓடவில்லை. பாதை போட்ட கம்பெனிக்காரர்கள் நாங்கள்தான் நகர்த்துகிறோம் என்று சந்தேகப்பட்டுக் காவல் போட்டார்கள். காவல்காரர்களின் கண்முன்னாலேயே நகர்ந்தது. பிறகு காவல்காரர்கள்மேல் சந்தேகப்பட்டார்கள்.

நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டோம். கிரிசாந்தாவின் புருஷன் அனக்ளெத்தோ துறைமுகத்தில் மண் சரிந்து செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவன். சாவுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். இல்லையென்றால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். நடந்து போன காலத்தில் அது தானாக நடந்தது. அவன் சாவுக்குப் போய் ரயிலில் திரும்பிய நாற்பது பேரில் யாரோ முறை தவறியிருக்க வேண்டும்; அவன்தான் தண்டவாளத்தோடு வீடு தேடி வருகிறான் என்று பேசிக்கொண்டோம். இரண்டு மாதம் ஊரில் யாரும் யாருக்கும் உப்புகூடக் கொடுக்கவில்லை.

ஊர்த்தலைவர் கபிதான் கோர்கோனியோ விசாரித்தார். இன்ஜின் தண்ணீர் பிடித்த இடத்தில் எல்லோரும் இறங்கித் தன் கடையில் காபி குடித்ததாகப் பசீத்தா சாட்சி சொன்னாள், கிரிசாந்தாவைத் தவிர.

"நீ மட்டும் ஏம்மா எறங்கல? கால் வலியா?"

"காலு நல்லாத்தான் இருந்துச்சு, கபிதான். எறங்குனா அவரு என்னையத் தவறவிட்டுருவாரு. கல்யாணத்தன்னிக்கே கோயிலுக்கு வழி தெரியாம பக்கத்து ஊருக்குப் போன மனுசன்."

"கேட்டீங்களா? தெரிஞ்சேதான் கூட்டியாந்திருக்கா!" என்று கத்தினாள் பசீத்தா.

வீட்டை அப்படியே மூங்கில் கழிகளில் தூக்கி இடம் மாற்றித் தருவது எங்கள் ஊரில் உபகாரம். அன்றைக்கு அதையே தண்டனையாகச் செய்தோம். கிரிசாந்தாவும் கோழிகளும் உள்ளே இருக்க, இருபது பேர் தோள்கொடுத்து ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. தண்டவாளம் கரையில் நான்கு நாள் நின்று, ஆழமில்லாத இடம் பார்த்து ஆற்றைக் கடந்தது. கம்பெனி இன்ஜினை விற்றுவிட்டுப் போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் தண்டவாளம் அவள் வீட்டு ஏணியடியில் போய் நின்றுகொண்டது. அன்றைக்கு அவள் அங்கே புருஷன் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் வைத்தாள். மற்ற நாட்களில் தண்டவாளத்தின்மேல் மீன் உலர்த்தினாள்.

ஏழு வருஷம் கழித்துக் கோர்கோனியோவின் மனைவி துறைமுக ஆஸ்பத்திரியில் செத்தாள். அவளை அங்கேயே புதைத்துவிட்டு அவர் எருமை வண்டியில் திரும்பினார்.

"எறங்கி ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க, கபிதான்," என்று கடை வாசலில் நின்று கூப்பிட்டாள் பசீத்தா.

"நிறுத்தாத. நேரா வீட்டுக்கு ஓட்டு," என்றார் அவர் வண்டிக்காரனிடம். அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் தண்டவாளத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, அவர் வீட்டுப் பக்கம் ஒரு முழம் வந்திருந்தது. யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. வழியில் நின்ற வாழைகளை நாங்களே வெட்டி ஒதுக்கினோம்.