அம்பு ஆடாத நாள்

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு முழுக்க ஒரு மவுஸ் வழியாகத்தான் நடந்தது. பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் சொன்னதைக் கேட்கும். அவளோ அடுத்த அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவள். மணி அடித்தாலும் காதில் விழாது. மணியை அழுத்த அவர் விரலுக்குத் தெம்பும் இல்லை.

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பிதான் வழி கண்டுபிடித்தான். வயர் இல்லாத கீபோர்டு, மவுஸ் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து கடைப்பேச்சை அவிழ்த்துவிட்டான்.

"வயர் இல்லாததால கட்டில்ல சிக்காது, உன் காலைத் தடுக்காது, சுவர் தாண்டியும் வேலை செய்யும்க்கா. மாமா மவுஸைத் தொட்டா உன் திரையில அம்பு ஆடும். உடனே ஓடி வந்துடலாம்."

"குறையே இல்லையாடா?"

"பேட்டரி எப்ப உயிரை விடும்னு அதுக்கே தெரியாது. அப்புறம், உன் மவுஸுக்கும் மாமா மவுஸுக்கும் அம்பு ஒண்ணுதான். ரெண்டு பேரும் இழுத்தீங்கன்னா அது பாவம்."

கீபோர்டு ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவர் கை முழுசாக அதன் மேல் விழுந்து, திரை நிறைய ஒரே எழுத்து. அலமாரி மேல் தூக்கிப் போட்டாள். மவுஸ் பிழைத்துக்கொண்டது. அம்பு நடுங்கினால் தண்ணீர், வட்டம் போட்டால் புரட்டிப் படுக்க வை, தாறுமாறாக ஓடினால் அவசரம். சில நாள் சும்மாவே அசையும். அடித்துப் பிடித்து ஓடினால் மனுஷர் கண்ணால் சிரிப்பார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள்.

அதுவே வேலைக்கு உலை வைத்தது. திரையைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்பு தன்பாட்டுக்கு ஓடி, வாடிக்கையாளரின் விண்ணப்பத்தையே மூடிவிட்டது. ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்திருந்த நேரம். மேலாளர் அம்மா ஸ்பீக்கரிலேயே பொரிந்து தள்ளினார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வச்சுக்க முடியாது. நாளைக்கு நானே கூட இருந்து பார்ப்பேன்."

அந்தச் சம்பளம் போனால் மருந்தும் போச்சு, வீடும் போச்சு. மறுநாள் சொன்னபடியே மேலாளர் திரைவழி வந்து சேர்ந்தார். அவர் மவுஸின் ரிசீவரை, அதன் அசைவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நகம் அளவுத் துண்டை, கம்ப்யூட்டரிலிருந்து உருவி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம்தானே, கடவுளே, அதுவரைக்கும் அவருக்கு எதுவும் வேண்டாமல் இருக்கணும். புருஷன் வாயைத் தன் கையாலேயே பொத்தியது போல உடம்பு கூசியது.

கொஞ்ச நேரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலே இழுத்தது.

"இன்னைக்கு அம்பு ஆடவே இல்லையே! இப்படியே இருங்க," என்று மெச்சிவிட்டுப் போனார் மேலாளர்.

ரிசீவரைச் செருகினாள். அம்பு அசையவில்லை. நல்லவேளை, தூங்குகிறார் என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. அவர் பகலில் தூங்குகிறவரே இல்லை. விழுந்தடித்து ஓடினாள்.

தலையணையிலிருந்து சரிந்து, கன்னம் கட்டில் கம்பியில் அழுந்திச் சிவந்து கிடந்தார். படுக்கை நனைந்து சில்லிட்டிருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. "நான்தாங்க பிடுங்கி வச்சேன், பாவி நான்தான்," என்று அரற்றியபடி அவரை நிமிர்த்திப் படுக்க வைத்து விரிப்பை உருவினாள். மவுஸ் கீழே விழுந்து மல்லாந்தது. அடியில் எரியும் சிவப்பு வெளிச்சம் இல்லை.

பேட்டரி போச்சா என்று எடுத்துப் பார்த்தாள். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. அடியில் இருக்கும் சின்னச் சுவிட்ச் அணைந்திருந்தது. அது லேசில் நகராது. அவளே நகத்தால் நெம்பித்தான் தள்ளுவாள். இரண்டு விரலை வைத்துக்கொண்டு எப்படித்தான் கவிழ்த்தாரோ, எப்படித்தான் தள்ளினாரோ! அவர் நகத்தோரம் ரத்தம் கட்டியிருந்தது. நேற்று மேலாளர் பேசியதெல்லாம் இந்த அறை வரைக்கும் கேட்டிருக்கிறது.

சுவிட்சைப் போட்டு மவுஸை அவர் விரலடியில் வைத்தாள்.

"கூப்பிடுங்க. வேலை போனா போகட்டுங்க. ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க."

திறந்த கதவு வழியே திரை தெரிந்தது. அதன் நடுவில் அம்பு நின்றது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, அந்த இரண்டு விரலையும் மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.