நானே சுட்டது

அந்த வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று தலைகள் தொங்கின. சோபாவுக்கு மேலே காட்டெருமை, டிவிக்குப் பக்கத்தில் வரிக்குதிரை, வாசலைப் பார்த்தபடி காண்டாமிருகம். மூன்றும் ஃபைபரில் வார்த்து, சாயம் பூசி, கண்ணாடிக் கண் பதித்தவை. இந்த விஷயம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் தண்ணீர் மோட்டார் வியாபாரி. அவள் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பல வருஷ ஆசையாக இருவரும் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஜீப்பில் உட்கார்ந்து மிருகங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த காண்டாமிருகம் தலையைத் திருப்பியதற்கே மோட்டார்க்காரர் அவள் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டார். ஆனால் கிளம்புகிற அன்று, விடுதிக் காவலாளியின் துப்பாக்கியைக் கெஞ்சி வாங்கித் தோளில் சாய்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் தலைகளை வரவழைத்து மாட்டினார். பார்க்க வந்த முதல் ஆள் வாயைப் பிளந்து, "நிஜமாவா?" என்று கேட்டார்.

"பின்னே? நானே சுட்டது."

வாயிலிருந்து வந்துவிட்டது. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதை கை கால் முளைத்து வளர்ந்தது. போட்டோவும் செல்போன் செல்போனாகப் போனது.

"எதுக்குங்க இந்தப் புளுகு?" என்று அவள் கேட்டாள்.

"யாருக்கு என்ன நஷ்டம்? கேக்கிறவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

தங்கிப் போக வந்த சொந்த அக்காவிடம்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. ஆயிரம் இருந்தாலும் கட்டினவர். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. நீலச் சட்டை போட்ட இரண்டு பேர், கையில் கருவிப் பையோடு நின்றார்கள்.

"ஏசி சர்வீஸ்மா. சார் வரச் சொன்னாரு."

அவர்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடி போட்ட மூத்தவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். இளையவன் பின்னாலேயே வந்து கதவைத் தாழ் போட்டான். தாழ் விழுந்த சத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றான் மூத்தவன், பாங்க் மேனேஜர் மாதிரி மரியாதையாக. "நகை நட்டு எதுவும் வேணாம். அந்தக் காண்டாமிருகக் கொம்பு மட்டும் போதும், லட்சக்கணக்குல விலை போகும். எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

இளையவன் கையில் கத்தி இருந்தது. அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கத்தியைக் கழுத்தில் வைத்தான்.

"அது டூப்புங்க," என்றாள் அவள். "சத்தியமா டூப்பு. ஃபைபர்."

"என்னடி சொல்றே?" அக்கா பயத்தில் அலறினாள். "ஐயா, பொய் சொல்றா! நிஜக் கொம்புதான்! மாப்பிள்ளை சுட்டது! கழட்டிக்கிட்டுப் போங்க, எங்களை விட்டுடுங்க!"

மூத்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செல்போனில் கடை நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் மோட்டார்க்காரரின் குரல் கேட்டது.

"சார், போன வாரம் கடைக்கு வந்தேனே, மோட்டார் பாக்க," என்றான் மூத்தவன். "உங்க காண்டாமிருகக் கதையை இங்க சொல்லிக்கிட்டிருந்தேன். ஒருத்தர் நம்பவே மாட்டேங்கிறாங்க, டூப்புங்கிறாங்க."

"எவன்யா அது?" கணவர் சிரித்தார். "இந்தக் கையாலதான் சுட்டேன். ஒரே குண்டு, சுருண்டு விழுந்துடுச்சு. நம்பாத ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, தொட்டுப் பாக்கட்டும்!"

எத்தனையோ முறை கேட்ட வசனம். இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் அக்காவின் கழுத்தில் இறங்குவதுபோல் இருந்தது.

"என்னங்க!" என்று கத்திவிட்டாள். "இவங்க நம்ம வீட்டுல நிக்கிறாங்க! அக்கா கழுத்துல கத்தி! உண்மையைச் சொல்லுங்க!"

போனில் அந்தக் குரல் உடைந்தது.

"ஐயோ... பொய்ங்க. எல்லாமே பொய். நான் எலியைக்கூட அடிச்சதில்லைங்க. பொம்மைங்க அது. அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க, உங்க கால்ல விழறேன்—"

மூத்தவன் போனை அணைத்தான். "பொண்டாட்டிக்கு ஆபத்துன்னா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க," என்றான். "நீங்க வாயைத் திறந்திருக்கக் கூடாதும்மா. இப்ப அவசரப்பட வேண்டியிருக்கு."

பையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கொம்பின் அடியில் வைத்து அறுக்கத் தொடங்கினான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு? ஏமாந்தவர்கள் சும்மா போவார்களா? கடவுளே, அது நிஜக் கொம்பாகவே இருந்துவிடக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள். பொம்மை என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டாள்.

முதலில் சாம்பல் நிறத் தூள் விழுந்தது. அப்புறம் உள்ளே அடைத்திருந்த ஃபோம் வெள்ளையாக, சோப்பு நுரை காய்ந்ததுபோல, பொலபொலவென்று தரையில் கொட்டியது. ரம்பம் நின்றது.

"என்னண்ணே?" என்றான் இளையவன்.

மூத்தவன் இறங்கி வந்தான். ஒரு வெள்ளைத் துண்டை விரலால் நசுக்கினான். அது நசுங்கியது.

"ஏமாத்திட்டீங்களாடி?" இளையவனின் கை இறுகியது. அக்காவின் கழுத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது.

மூத்தவன் தங்கையின் முன்னால் வந்து நின்றான். கண்ணாடியில் தூள் படிந்திருந்ததால் அவன் கண் தெரியவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவன் மூச்சுக் காற்று முகத்தில் பட்டது.

"முதல்லயே சொன்னாங்கடா," என்று அவன் சொல்வது கேட்டது. "நாமதான் நம்பல. விடு, வா."

கண்ணைத் திறந்தபோது கதவை வெளியே தாழ் போடும் சத்தம் கேட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி," என்றாள்.

போலீஸோடு ஓடிவந்த மோட்டார்க்காரர் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார், தரையில் கிடந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார், அங்கேயே உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டார். காயம் ஆழமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். அவர் எவ்வளவோ கெஞ்சியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் தலைகளை இறக்கினார்கள். அவள் சொல்லி, அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "நான் சொன்னது பொய், எல்லாம் பொம்மை," என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சொன்னார்.

எதிர்முனையில் பெரும்பாலும் ஒரே பதில்தான். "புரியுது சார், புரியுது. இனிமே அப்படித்தான் சொல்லிக்கணும். பத்திரமா வேற இடத்துல வெச்சுட்டீங்கல்ல?"

போனை வைத்துவிட்டு அவர் அவளைப் பார்த்தார். கொம்புக்கு வந்த இருவரும் போலீஸிடம் அகப்படவும் இல்லை.

சில நாள் கழித்து வேலைக்குப் போனாள். கூட்டம் ஓய்ந்த நேரத்தில், இதுவரை பார்த்திராத ஒருவர் சீட்டு வாங்க வந்தார். பெயரைக் கேட்டாள். அவர் சொல்லாமல், மேசை மேல் கை ஊன்றிக் குனிந்தார்.

"அந்தக் கொம்பு வீடு உங்களுதுதானே?"

"அது டூப்புங்க," என்றாள். "அறுத்தே பாத்தாச்சு."

"அறுத்தது டூப்பு," என்று அவர் சிரித்தார். "ஒரிஜினலை யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?"

கண் பரிசோதனைக்கு நிற்காமலே அவர் திரும்பிப் போனார். கண்ணாடிக் கதவு ஆடி அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் கணவருக்குப் போன் போட்டாள்.

"உடனே வாங்க," என்றாள். "வீட்டுக்கு வேணாம். எங்கயாவது போயிடலாம்."