சிவப்புத் தலைப்பாகை

"உங்க ஊர் தாது யாரு?" என்று சுரங்க அனுமதிக்காகக் கூட்டிய ஊர்க் கூட்டத்தில் அதிகாரி கேட்டதும் லிம்பாய் சுற்றிலும் பார்த்தாள். மிண்டனாவோ மலையில் தலைவனுக்குத் தாது என்று பெயர். மலையைத் தோண்டலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். தாதுவாக இருந்த அவளுடைய அண்ணன் கபாயன் போன மாதம் செத்ததோடு ஊரில் தாதுவே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்," என்று எழுந்தார் ரொசாலெஸ் என்ஜினியர். தலையில் தாதுவுக்கு அடையாளமான சிவப்புத் தலைப்பாகை. கட்டத் தெரியாததால் தொப்பி மாதிரி தைத்து வைத்திருந்தார்.

ஒரு காலத்தில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர், இப்போது சுரங்கக் கம்பெனி ஆள். குழாய் திறந்த அன்று மரியாதைக்காக அவரைத் தாது ஆக்கியது கபாயன்தான். "ஒரு துண்டுத் துணி. கட்டிவிட்டா மனுஷன் குளிர்ந்து போவான். நமக்கென்ன நட்டம்?" என்றான். துணியை மடித்துக் கொடுத்தவள் லிம்பாய். சிரிப்பு வேறு சிரித்தாள், பாழாய்ப்போன சிரிப்பு.

தோண்டப்போகிற சரிவில்தான் அவள் வீடு, கிழங்குத் தோட்டம், அண்ணனைப் புதைத்த இடம் எல்லாம். புதிதாக ஒரு தாதுவை உண்டாக்கலாமென்றால் உயிரோடிருக்கும் தாதுதான் துணி கட்டிவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த ஆளே குறுக்கே நின்றார்.

வீட்டுக்குப் போய் அண்ணனின் துணியை எடுத்து வந்து, அவர் முன்னால் தலை குனிந்தாள்.

"கட்டிவிடுங்க."

"என்ன தங்கச்சி, இப்பப் போயி..."

"தாதுன்னா தாது வேலையும் பாக்கணும்ல? முடியாதுன்னா ஐயாகிட்ட சொல்லிடுங்க, நீங்க சும்மா பேருக்குத்தான்னு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி என்ஜினியரையே பார்த்தார். வேறு வழியில்லாமல் அவர் துணியைச் சுற்றினார். முடிச்சு தொளதொளவென்று நின்றது. கட்டிக்கொள்கிறவள் அதில் கை வைக்கக் கூடாது. கூட்டம் முடியுமுன் துணி விழுந்தால் பட்டமும் போச்சு. அது அவருக்கும் தெரியும் போல, பக்கத்தில் உட்கார்ந்து லேசாகச் சிரித்தார்.

"அப்ப ரெண்டு தாதுவும் ஒத்துக்கணும்," என்றார் அதிகாரி.

"எனக்குச் சம்மதம்," என்றார் என்ஜினியர்.

"நீ என்னம்மா சொல்றே?"

இல்லையென்று தலையாட்டத்தான் கழுத்து துடித்தது. அடக்கிக்கொண்டாள். முடிச்சு நழுவிக் காதில் உட்கார்ந்தது.

"மாட்டேன்," என்றாள், உதடு மட்டும் அசைய.

"காதுல விழலம்மா," என்று அதிகாரி முன்னால் சாய்ந்தார். "சத்தமாச் சொல்லு."

துணி புருவத்துக்கு இறங்கியது. லிம்பாய் மூச்சை இழுத்தாள்.